ஸ்டான்லியா, புத்தூரா?

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் எண்பதைத் தாண்டிய ஒருவர் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், வாசலில் கூடும் சனம் இரண்டு பெயர்களைச் சொல்லும். ஒரு பக்கம் ஸ்டான்லி, இன்னொரு பக்கம் புத்தூர். ஸ்டான்லி என்றால் பொன்னேரி, மீஞ்சூர் தாண்டி வடசென்னையில் இருக்கிற அரசு மருத்துவமனை. புத்தூர் என்றால் ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாக ஆந்திராவுக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளும் கட்டு வைத்தியம். அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி ஒன்று சொல்வார், மருமகன் வண்டிச் செலவைக் கணக்குப் போடுவார். இதற்குள் மூன்றாவதாக ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது ஊர்ப் பெரியவர் ஒருவருடையது: “இந்த வயசுல எங்க இட்னு போயி இன்னா செய்யப் போறீங்க? வலிக்கு ரெண்டு மாத்திரை குடு. இருக்கற வரைக்கும் படுத்துனு இருக்கட்டும்.”

அந்த மூன்றாவது குரலோடுதான் பிசியோ மேடத்துக்கு வழக்கு.

பிசியோ மேடம் என்பது ஊர்க்காரர்கள் வைத்த பெயர். சென்னையில் ஒரு மருத்துவமனையின் எலும்பு வார்டில் வேலை பார்த்துவிட்டு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளராகச் சேர்ந்து இந்தப் பக்கம் வந்தவர். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்ற அளவில் பலருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவரின் கைகால்களை அசைத்து, உட்காரவைத்து, நடக்கவைக்க ஆள் வருவதும் அதே திட்டத்தில் அடக்கம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், பாலத்தைக் கடந்தால் லைட் ஹவுஸ் குப்பம், கடலோரமாகக் கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று அவர் பையோடு நுழையாத தெரு குறைவு. பக்கவாதம் வந்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், பிறவியிலேயே நடக்க வராத குழந்தைகள் எல்லாரும் அவர் பட்டியலில் உண்டு. ஆனால் மனசோடு நெருக்கமான வேலை எது என்று கேட்டால், எலும்பு முறிந்த கிழவன் கிழவிகளை எழுப்பி நிறுத்துவதுதான் என்பார்.

“எலும்பு கூடறதப் பத்தி நான் கவலைப்படறதே இல்ல. எண்பத்தஞ்சு வயசு எலும்பும் கூடும். அதுக்குள்ள ஆள் படுத்துடக் கூடாது. அவ்வளவுதான் என் வேலை.”

கேட்கிறவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். கிழட்டு எலும்பு ஒட்டாது என்பதுதான் ஊர் நினைப்பு. உண்மையில் முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் கேலஸ் என்ற மிருதுவான திசு உருவாகி, பிறகு அது இறுகி எலும்பாகிற வேலை எந்த வயதிலும் நடக்கிறது. மணிக்கட்டுக்கு ஆறு வாரம், தோள்பட்டைக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்ற கணக்கு தொண்ணூறு வயதிலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது அந்த வாரங்களில் உடம்பின் மற்ற பாகங்களுக்கு நேர்வது. அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 12 முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உடம்பு மொத்தமே நாற்பது கிலோ இருக்கிற ஒரு குப்பத்து ஆயாவுக்கு அந்த ஒரு கிலோ போனால் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கிற பலமே போய்விடும். அதற்குப் பின்னாலேயே நெஞ்சில் சளி கட்டும், முதுகெலும்பின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும், மூத்திரத்தில் கிருமி ஏறும், காலில் ரத்தம் உறையும். தொடை எலும்பின் மேல்பகுதி முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் முறிந்த எலும்பால் சாவதில்லை. 1947-இலேயே ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் மருத்துவர், நோயாளியைப் படுக்கையில் போட்டுவைப்பதன் ஆபத்துகளை உறுப்பு உறுப்பாகப் பட்டியலிட்டு எழுதினார். பழவேற்காட்டில் அந்தப் பட்டியலை ஒன்றுவிடாமல் கண்ணால் பார்த்தவர் பிசியோ மேடம்.

வயதானவர் விழுந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது பாதங்களை. மல்லாந்து படுத்திருக்கும்போது ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதா? இரண்டு குதிகாலையும் சேர்த்துவைத்தால் ஒன்று மேலே ஏறி நிற்கிறதா? இரண்டும் இருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன்னாலேயே விஷயம் தெரிந்துவிடும். ஊரில் இதை ‘இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு’ என்பார்கள். முறிவது தொடை எலும்பின் உச்சி. சில சமயம் முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று குத்திக்கொண்டு நின்றுவிடும். ஆளும் இரண்டு நாள் நொண்டி நொண்டி நடந்திருப்பார். “நேத்து வரைக்கும் நடந்துனு இருந்தாங்க மேடம், சுளுக்குதான்” என்று தைலம் போட்டு உருவிவிடுவார்கள். உருவியதிலேயே முனைகள் நழுவிவிடும். ஆகவே விழுந்த வயதானவரின் காலை உருவாதே, இழுக்காதே, ரெண்டு தலையணையை அண்டக் கொடுத்து அப்படியே வை, 108-க்குப் போன் போடு என்று அவர் ஒவ்வொரு மகளிர் குழுக் கூட்டத்திலும் சொல்லிவருகிறார்.

எல்லா இடத்திலும் 108 வாசலுக்கு வந்துவிடாது. ஏரி நடுவே, ஆந்திர எல்லையில் இருக்கம் போன்ற தீவு ஊர்களில் படகுதான் ஆம்புலன்ஸ். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். முகத்துவாரம் மண்மூடித் தண்ணீர் வற்றும் மாதங்களில் படகு தரைதட்டும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஒவ்வொரு தள்ளலிலும் உடைந்த எலும்பு அசையும். அதனால் மரக்கதவு ஒன்றைக் கழற்றி அதன்மேல் படுக்கவைத்து, முறிந்த காலை நல்ல காலோடு சேர்த்துத் துணியால் மூன்று இடத்தில் கட்டி, கதவோடு படகில் ஏற்றச் சொல்கிறார். வலை இழுத்துப் பழகிய கைகள் அதை அலுங்காமல் ஏற்றிவிடும்.

ஸ்டான்லியா, புத்தூரா என்ற கேள்விக்கு அவர் சொல்லும் பதில் இரு தரப்பையும் முதலில் ஏமாற்றும். எந்த எலும்பு என்று பார்த்துத்தான் எந்த ஊர் என்று சொல்ல முடியும் என்பார்.

தொடை எலும்பின் உச்சியில் உருண்டையான தலை, அதற்குக் கீழே ஒடுங்கிய கழுத்து, அதற்கும் கீழே அகன்ற தோள் போன்ற பகுதி. தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் முக்கியமானவை கழுத்தை ஒட்டித்தான் மேலே ஏறுகின்றன. கழுத்து முறிந்து விலகினால் அந்தக் குழாய்களும் அறுந்துபோகும். ரத்தம் இல்லாத தலை எத்தனை கட்டு கட்டினாலும் ஒட்டாது. அங்கே எந்தப் பச்சிலைக்கும் வேலை இல்லை, மாவுக்கட்டுக்கும் வேலை இல்லை. தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துவதுதான் வழி. அமெரிக்காவில் ஆஸ்டின் மூர் 1940-களில் தொடங்கிவைத்த அந்த உலோகத் தலை, அவர் பெயராலேயே நம் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் பொருத்தப்பட்டது. கழுத்துக்குக் கீழே அகன்ற பகுதி முறிந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் தாராளம்; எலும்பு தானாகவே கூடிவிடும். ஆனால் கூடுகிற வரைக்கும் மூன்று மாதம் அசையாமல் கிடக்க வேண்டும், கால் குட்டையாகிவிடும். ராடும் ஸ்குருவும் வைத்துவிட்டால் அடுத்த நாளே உட்காரலாம். முதியவருக்கு அறுவை சிகிச்சை செய்வதன் பிரதான நோக்கமே இதுதான்: வலி குறைந்து, உட்கார்ந்து, எழுந்து நிற்பது.

இதை அவர் விளக்கி முடித்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றே. “எண்பத்தெட்டு வயசு மேடம். கத்தி வெச்சா தாங்குமா?”

அதற்கு அவர் இரண்டு பேரை உதாரணம் காட்டுவார். இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் தாயார் 1998-இல், தன் 97-ஆவது வயதில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். மூட்டு மாற்றினார்கள். 2002-இல் 101 வயதில்தான் காலமானார். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2019-இல், 94 வயதில் இடுப்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 100 வயதைக் கண்டுவிட்டு 2024 டிசம்பரில் இறந்தார். “அவங்களுக்கு ஆயிரம் ஆள் மேடம்” என்பார்கள். ஆமாம், அதேதான் விஷயம் என்று அவர் அங்கேயே பிடித்துக்கொள்வார். கைதூக்கி உட்காரவைக்க ஆள் இருந்ததால்தான் அவர்கள் எழுந்தார்கள். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் தனியாகக் கிடக்கிற பெரியவருக்கு இல்லாத ஆள்பலம் குப்பத்தில் உண்டு. மகன் கடலுக்குப் போனாலும் மருமகள் இருப்பாள், பக்கத்து வீட்டு அத்தை இருப்பாள், பேரன் பேத்தி இருப்பார்கள். கூப்பிட்டால் நாலு கை வந்து நிற்கிற ஊரில் ஒரு ஆயா படுத்தே கிடப்பதற்கு என்ன நியாயம் என்று அவர் கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.

அறுவை செய்வதென்றால் முறிந்து இரண்டு நாளுக்குள் செய்வது நல்லது என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வழக்கம். நடைமுறையில் தாமதம் பல வாசல்களில் நிற்கிறது. குடும்பம் கூடி முடிவெடுக்க ஒரு நாள். காப்பீட்டு அட்டையில் பெயர் இருக்கிறதா, ரேஷன் அட்டை யாரிடம் என்று தேட ஒரு நாள். சர்க்கரை ஏறிக்கிடக்கும், அறுவைக்கு ‘பிட்னஸ்’ கிடைக்க இன்னொரு நாள். ரத்தம் கொடுக்கப் பையன்கள் வேண்டும். அவர்கள் கடலில் இருப்பார்கள். இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிபார்த்து வைக்கச் சொல்லி, எண்பது தாண்டியவர் இருக்கும் வீடுகளில் அட்டைகளை ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்கும் பழக்கத்தை அவர் உண்டாக்கியிருக்கிறார். அந்தக் கவரில் ஆயா சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் இருக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒன்று அதில் இருக்கிறதா என்பதை மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்பார்.

மீன்கூடை சுமந்தே வயது போன ஓர் ஆயாவைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். எண்பத்தெட்டு வயது, திண்ணை விளிம்பில் கால் இடறி விழுந்து கழுத்துப் பகுதி முறிவு. சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பாதி மூட்டு மாற்றி, மறுநாள் உட்காரவைத்து, அதற்கடுத்த நாள் வாக்கரைப் பிடித்து நிறுத்தினார்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாம் நாள் ராத்திரி ஆயா ஆள் மாறிப்போனார். செத்துப்போன புருஷன் வாசலில் நிற்கிறார், படகு வந்துவிட்டது, கூடையைக் கொடு என்று கத்தல். ஊசி டியூபைப் பிடுங்கி எறிந்தார். மகள் பயந்துபோய்ப் பிசியோ மேடத்துக்குப் போன் செய்தாள்: “காத்து கருப்பு எதோ அண்டிடுச்சு மேடம், வீட்டுக்கு இட்னு போயி மந்திரிக்கலாம்னு அண்ணன் சொல்லுது.”

முதியவர்களுக்கு அறுவைக்குப் பிறகு இப்படிப் புத்தி தடுமாறுவது மிகவும் சகஜம். தண்ணீர் குறைந்தாலும், உப்புச்சத்து இறங்கினாலும், மூத்திரக் கிருமி ஏறினாலும், மலச்சிக்கல் இருந்தாலும், கண்ணாடியும் காது மிஷினும் இல்லாமல் புது இடத்தில் கிடந்தாலும் வரும். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கண்ணாடியை மாட்டிவிடு, ராத்திரி விளக்கை எரியவிடு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இரு, மூத்திரம் டெஸ்ட் எடுக்கச் சொல்லு என்று போனிலேயே சொன்னார். டெஸ்டில் கிருமி இருந்தது. மூத்திரம் போக எழுந்திருக்க வேண்டுமே என்று ஆயா இரண்டு நாளாகத் தண்ணீரையே ஒதுக்கியிருக்கிறார். மருந்து கொடுத்துத் தண்ணீர் ஏறியதும் நாலாம் நாளுக்கு மேல் புருஷன் வாசலுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. ஆஸ்பத்திரி வார்டில் தரை சிமெண்ட், வாக்கர் நகரும். குப்பத்தில் வாசல் தாண்டினால் மணல். வாக்கரின் நாலு காலும் ஒரு சாண் இறங்கி நிற்கும், தூக்கி வைக்க ஆயாவுக்குப் பலம் இருக்காது. பழைய படகு பிரித்த பலகைகள் கரையில் கிடந்தன. கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் அவற்றை அடுக்கிப் பாதை போட்டார்கள். அடுத்தது பிடிமானம். சுவரில் கம்பி பதிக்கக் காசு வேண்டும். ஆனால் நைலான் கயிற்றுக்கு மீனவர் வீட்டில் பஞ்சமா? இரண்டு கம்பம் நட்டு, ஆயாவின் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டிய கயிறு கைப்பிடியாயிற்று. முடிச்சு போட்டது ஆயாவின் மூத்த பேரன். புயலில் படகு கட்டுகிற முடிச்சு, தளராது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து குழியாவதால் அதிலிருந்து எழுவது சிரமம். அதை மாற்றி மரக்கட்டில் போட்டு, நாலு காலுக்கும் செங்கல் அண்டக் கொடுத்து, உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி உயர்த்தினார். பாதி மூட்டு மாற்றியவர் குந்தவைத்து உட்காரக் கூடாது, மூட்டு நழுவிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கீழே வாளி வைத்தால் கழிப்பறை தயார். இதற்கெல்லாம் ஆன செலவு சொற்பம்.

“எழுந்து குந்து ஆயா” (இங்கே குந்து என்றால் உட்கார்) என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது சொல்ல வேண்டும் என்பது வீட்டாருக்கு அவர் போட்ட கட்டளை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஒரு வேளைக்கு ஐந்து முறை. குதிகாலை அழுத்திக் கால்விரலைத் தூக்குவது. தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. டீ குடிப்பதும் சோறு தின்பதும் நாற்காலியில்தான்; படுத்தபடி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஆயா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, போகிற வருகிறவர்களிடம் மீன் விலை விசாரிக்க ஆரம்பித்திருந்தார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதை அவர் மறைப்பதில்லை. தொண்ணூறை நெருங்கிய ஒரு தாத்தாவுக்குக் கழுத்துக்குக் கீழே முறிவு. இருதயம் மிகவும் பலவீனம். அறுவை வேண்டாம் என்று டாக்டர்களும் குடும்பமும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அறுவை இல்லை என்றால் அப்படியே விட்டுவிடு என்று அர்த்தம் இல்லை. முதல் மூன்று வாரம் வேளை தவறாமல் வலி மருந்து. இரண்டு மணிக்கு ஒரு தரம் சாய்த்துப் படுக்கவைத்தல், குதிகால் படுக்கையில் படாமல் கணுக்காலுக்கு அடியில் துணிச் சுருள். வலி தாங்குகிற அளவுக்கு முதுகைத் தூக்கி உட்காரவைத்தல். நெஞ்சுச் சளிக்காக ஒரு நாளைக்கு இருபது தடவை ஆழ்ந்து மூச்சிழுத்து விடுதல். இதையெல்லாம் செய்தது அந்த வீட்டு மருமகள். மூன்று மாதத்தில் எலும்பு கூடியது. கால் இரண்டு விரற்கடை குட்டை. தாத்தா திரும்ப நடக்கவில்லை. ஆனால் முதுகில் ஒரு புண் இல்லை. நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தால் மடியில் வலையைப் போட்டுக்கொண்டு ஊசியும் நூலுமாகக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பார். அந்த மருமகள் செய்த பராமரிப்பைத் தான் வேலை பார்த்த வார்டுகளிலேயே அபூர்வமாகத்தான் பார்த்ததாக மேடம் சொல்கிறார். வீட்டில் பெரியவர்களைக் காப்பாற்றும் பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்ற கோபம் அவருக்கு உண்டு.

புத்தூரைப் பற்றி அவரிடம் ஏளனம் கிடையாது. புத்தூர் பக்கத்து ராச்சபாளையத்தில் 1881-இல் கேசவ ராஜு என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் வைத்தியம் அது. பச்சிலை அரைப்பு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகை ஒன்று தொங்கும் அளவுக்கு அந்தப் பெயர் பரவிவிட்டது. மேலை நாட்டு எலும்பு மருத்துவமே கட்டு வைத்தியர் வீடுகளுக்குக் கடன்பட்டதுதான். முதல் உலகப் போரில் தொடை முறிந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றிய ‘தாமஸ் ஸ்பிளிண்ட்’டை உருவாக்கிய ஹக் ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டுக் கட்டு வைத்தியப் பரம்பரையில் வந்தவர். மணிக்கட்டு, காரை எலும்பு, தோள்பட்டை போன்ற முறிவுகளில் முதியவர்களுக்கு ஆஸ்பத்திரியிலும் பல சமயம் கட்டும் கழுத்தில் தொங்கவிடும் கைத்தொட்டிலும்தான். தோள்பட்டை முறிவில் அறுவை செய்தவர்களும் வெறும் தொட்டிலில் கை போட்டவர்களும் இரண்டு ஆண்டு கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள் என்று 2015-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, கை எலும்புக்குக் கட்டு வைத்தியரிடம் போனால் அவர் தடுப்பதில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போ, இடுப்புக்குப் போகாதே என்பார்.

அவர் பயப்படுவது இறுக்கத்துக்கு. எங்கோ ஒரு தெருமுனையில் கட்டிய கட்டோடு ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். விரல்கள் நீலம் பாரித்து, வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தன. ராத்திரி முழுக்க வலியில் தூங்கவில்லை. “கட்டு பிரிச்சா மருந்து போயிடும்னு சொன்னாரு” என்றார் மகன். மேடம் கத்தரியை எடுத்து அங்கேயே நீளவாக்கில் பிரித்துவிட்டார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையின் தசை செத்து, விரல்கள் மடங்கியே போயிருக்கும். அன்றிலிருந்து அவர் எல்லா வீட்டிலும் நகச் சோதனையைக் கற்றுக்கொடுக்கிறார். கட்டுக்கு வெளியே தெரியும் விரல் நகத்தை அழுத்தி விடு. வெளுத்த நகம் இரண்டு எண்ணுவதற்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை என்றால் கட்டியவர் யாராக இருந்தாலும், அது மாவுக்கட்டாகவே இருந்தாலும், உடனே தளர்த்த வேண்டும்.

மாவுக்கட்டை உலகத்துக்குக் கொடுத்தவர் அந்தோனியஸ் மாத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர், 1851-இல். 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் 1825-லேயே இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் நாட்டு மாவுக்கட்டு இன்று இந்த ஊரில் பாதிப் பேர் கையில் ஒரு தடவையாவது ஏறி இறங்கியிருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் முறியும் மணிக்கட்டுக்குத்தான் அது அதிகம் போடப்படுகிறது. எக்ஸ்ரேவே இல்லாத 1814-இல் டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் தொட்டுப் பார்த்தே விவரித்த முறிவு அது. எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது ஆறு வாரத்தில் கூடிவிடும். சற்றுக் கோணலாகக் கூடினாலும் வேலைக்கு இடைஞ்சல் இருக்காது. இடைஞ்சல் வருவது கட்டுப் போட்ட பயத்தில் விரலை அசைக்காமல் வைத்திருப்பதால்.

ஓலைக்கூடை பின்னும் ஒரு முஸ்லிம் பாட்டியிடம் இதைப் பார்த்தார். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் தட்டும் பின்னுவதில் பேர்போனவர்கள். மாவுக்கட்டு பிரித்தபோது பாட்டியின் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. விரல்கள்தான் விறைத்துக் கட்டைபோல் நின்றன. ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னால் இரண்டு நாளில் மூலையில் போட்டுவிட்டார். அடுத்த தடவை மேடம் பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஈர ஓலைக் கீற்றுகளைக் கொண்டுவரச் சொல்லி, முதலில் நாலு கீற்றில் அகலமான பின்னல், கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் வேலை செய்யும்படி. பிறகு ஆறு கீற்று. பிறகு விளிம்பை மடித்து இறுக்கும் வேலை, அதில் மணிக்கட்டு பின்னுக்கு வளைய வேண்டும். பாட்டிக்குத் தன் கையே கணக்குச் சொன்னது. எந்தப் பின்னலில் வலிக்கிறது, எதில் இல்லை என்று அவரே சொல்லி அளவைக் கூட்டிக்கொண்டார். இன்று அந்த வீட்டிலிருந்து வாங்கிய மூடிபோட்ட பெட்டி ஒன்றில்தான் மேடத்தின் இன்ச் டேப்பும் கத்தரியும் இருக்கின்றன.

சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கு ஓயாத சண்டை. எலும்பு உடைந்தால் ஆட்டுக்கால் சூப் என்பது இங்கே எழுதாத சட்டம். குடிக்கட்டும், சூடாக உள்ளே போனால் நல்லதுதான். ஆனால் சூப்பில் கால்சியம் மிகக் குறைவு. பிரண்டைத் துவையலையும் அவர் தடுப்பதில்லை. 1960-களிலேயே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே.என். உடுப்பா குழுவினர் பிரண்டைக்கும் எலும்பு கூடுவதற்கும் உள்ள தொடர்பை விலங்குகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோபம் வருவது பத்தியத்தில்தான். தையல் போட்ட புண் சீழ் பிடிக்கும், கவுச்சி ஆகாது என்று மீனையே நிறுத்திவிடுவார்கள். மடவையும் கிழங்கானும் வீட்டு வாசலில் துள்ளும் ஊரில், ஆயாவுக்கு மட்டும் கஞ்சியும் ஊறுகாயும்! நாற்பது கிலோ எடையுள்ள முதியவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 முதல் 48 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். முள் நீக்கி உதிர்த்த மடவைக் குழம்பும் ஒரு முட்டையும் அன்றாடம் கொடுத்தால் தசையும் வரும், புண்ணும் ஆறும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியமும் சேர்ந்து கிடைக்கும். பல் இல்லாதவருக்குக் கருவாட்டுப் பொடியாக. ரத்தக் கொதிப்பு இருந்தால் கருவாட்டு உப்பைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதியோருக்கென்று தனி மருத்துவம் சென்னைக்குப் புதிதல்ல. 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ. நடராசன் முதியோர் நலத்துக்கென வெளிநோயாளி பிரிவு தொடங்கினார்; இந்தியாவுக்கே அது முன்னோடி. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நல்ல காரியங்கள்தான். ஆனால் பழவேற்காட்டுக்காரர் ஒருவரின் முறிவு அங்கே போய்ச் சேரும்போது பாதி விஷயம் முடிந்திருக்கும். விழாமல் தடுப்பதும் விழுந்தவரை எழுப்புவதும் இங்கேயே, வீட்டுக்குள்ளேதான் நடந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. இருபது கிலோமீட்டர் தள்ளிப் பொன்னேரிக்குப் போகவே வண்டி பார்க்க வேண்டிய இடம் இது.

ஒரு தடவை முறிந்தவருக்கு இன்னொரு முறிவு வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே ஆள் நடக்கத் தொடங்கியதும் மேடம் விடைபெற்றுக்கொள்வதில்லை. ராத்திரி மூத்திரத்துக்கு எழும்போதுதான் பலர் விழுகிறார்கள்; கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே சின்ன பல்பு ஒன்று விடிய விடிய எரியட்டும் என்பார். நடைபாதையில் வலையும் நங்கூரக் கயிறும் கிடக்கக் கூடாது. கண் புரையை முகாமில் எடுத்துவிட வேண்டும். தூக்க மாத்திரை போடுகிறார்களா, கொதிப்பு மாத்திரை போட்டதும் தலை சுற்றுகிறதா என்று விசாரிப்பார். எலும்பு மெலிவுக்கு மருந்து எழுதச் சொல்லி டாக்டருக்குச் சீட்டுக் கொடுத்தனுப்புவார். இடுப்பு முறிந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் அமில ஊசியால் அடுத்த முறிவுகள் குறைந்ததோடு இறப்பும் 28 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஊசி கிடைக்காத இடத்தில் வாரம் ஒரு மாத்திரை, அலெண்ட்ரோனேட்.

அந்த மாத்திரையை விழுங்குவதில் நுணுக்கம் உண்டு. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் தின்னக் கூடாது. படுத்தால் உணவுக் குழாயைப் புண்ணாக்கும். டீயோடு போட்டால் உடம்பில் சேராது. விடிகாலை நாலு மணிக்கே டீயில் நாளைத் தொடங்கும் ஊரில் இது லேசான காரியம் இல்லை, கிழமையும் மறந்துபோகும். அதனால் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற நாளோடு மாத்திரையை முடிச்சுப் போட்டுவிட்டார். 1515-இல் தொடங்கிய மகிமை மாதா ஆலயத்துக்குப் போகும் பாட்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மனுக்கு விளக்கேற்றும் வீடுகளிலும் தொழுகைக்கு ஆண்கள் புறப்படும் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை. பூசைக்குக் கிளம்பும் முன் மாத்திரை, நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி, அப்புறம்தான் டீ. மருமகள்களிடம் இதைச் சொல்லி, காலண்டரில் அந்தக் கிழமை முழுவதையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.